வலது பக்கம் திரும்பினால் பாடும்

உன் அப்பாவின் காரில் இருந்த பழைய ரேடியோ, வண்டி வலது பக்கம் திரும்பினால்தான் பாடும். இது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நீ மேல்படிப்புக்குப் போன பிறகு அதற்கு வந்த வியாதி இது. நேராகப் போனால் கரகரக்கும். இடது பக்கம் திரும்பினால் மாமியார் வீட்டுக்கு வந்த புதுப்பெண் மாதிரி வாயையே திறக்காது. செய்தி பாதியில் நின்றால் மீதியைக் கேட்பதற்காகவே அவர் வலது வலதாக வளைத்து, தெருவைச் சுற்றி வருவார். சனிக்கிழமை என்னை மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகும்போதும் இதே கதைதான். "நாளைக்கு மழை வருமா வராதான்னு தெரியணும்னா இன்னும் ரெண்டு தெரு சுத்தணும் அக்கா. உங்களுக்கு அவசரமா?" என்பார். எனக்கு என்ன அவசரம். வீட்டில் காத்திருக்க யார் இருக்கிறார்கள்.

உட்கார். டீயைக் குடி. ஆடை படிந்தால் உனக்குப் பிடிக்காது.

ஊரிலுள்ள தையல் மிஷின்களை எல்லாம் காதால் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுகிற மனுஷர், தன் காரில் இருக்கிற பெட்டியை மட்டும் தலையில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டி ஒழுங்காகப் பாடியிருந்தால் நீயும் நானும் இப்படி எதிரெதிரே உட்கார வேண்டி வந்திருக்காது என்று சொல்லிவிட்டு நான் எழுந்துவிடலாம். காலைவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் காரை விலைக்குக் கேட்டவர் வருவதற்குள் என்ஜின் கிளம்புகிறதா என்று பார்க்க நீ உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினாய். வீட்டுக்குள் உன் அம்மா உன் மாமாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். மாமாவின் குரல் அங்கிருந்து தாவிக் காருக்குள், உன் முன்னால் வந்து நின்றது. "கேக்குதா? லைன்ல இருக்கியா?"

இந்த ஜன்னலிலிருந்து பார்த்தேன். நீ கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாய். உன் அப்பாவும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தார். ஜாடை என்பது மூக்கிலும் முழியிலும் மட்டும் இருப்பதில்லை.

பிறகு நீ உன் அம்மாவிடம் போகாமல் நேரே இங்கே வந்தாய். வந்து ஒரே கேள்வி கேட்டாய். "பெரியம்மா, இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும்.

அப்பாவுக்குத் தன் நோய் தெரிந்தே இருந்தது என்று கடைசியில் டாக்டர் சொன்னதும், மறைத்ததை அவரிடம் சொன்னது உன் அம்மாதான் என்று நீ அவளோடு பேச்சை நிறுத்தியிருக்கிறாய். மாத்திரையையும் அவள் ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று, ரத்தப் பரிசோதனையில் மருந்தின் சுவடே இல்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் முகத்தையே பார்ப்பதில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிடுகிறீர்கள். தட்டு வைக்கிற சத்தம் இந்தச் சுவர் வழியாக இரண்டு முறை கேட்கிறது. எனக்குக் கேட்காமல் வேறு யாருக்குக் கேட்கப்போகிறது.

என் தொழில் உனக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து தலை நரைத்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கேட்டும் கேட்காத மாதிரி முகத்தை வைத்திருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். அங்கே ஒரு விதி உண்டு. ஒருவர் பேசுவது தவறிப்போய் இன்னொருவர் லைனில் விழுந்தால் யோசிக்கக் கூடாது, உடனே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மேலதிகாரியைக் கூப்பிட வேண்டியதில்லை, மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. முதலில் பிடுங்கு. என் கை அதைத் தானாகச் செய்யும். இதை நினைவில் வைத்துக்கொள், பிறகு இதற்கு வருகிறேன்.

உன் அம்மா என்னிடம் எதையும் மறைத்ததில்லை. உன் அப்பாவோடு சண்டை போட்டால் முதலில் சுவரைத் தட்டுவாள், பிறகுதான் அழுவாள். உனக்கு முதல் பல் விழுந்ததும் எனக்குத் தெரியும், நீ முதல் முதலாக ஒரு பையனுக்காகச் சாப்பிடாமல் இருந்ததும் தெரியும். தெருவில் என்னை வானொலி நிலையம் என்று சொல்கிறார்கள். சொல்லட்டும். நிலையத்துக்குச் செய்தி கொண்டுவந்து கொடுத்ததே அவர்கள்தானே. ஆனால் உன் அம்மா சொன்னது எதுவும் இந்த வாசலைத் தாண்டியதில்லை. அதாவது, முக்கியமானது எதுவும்.

உன் அப்பாவுக்கு வயிற்றுவலி வந்து, பரிசோதனைக்குப் போய் வந்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு அவள் சுவரைத் தட்டவில்லை. வயிற்றுப்புண் அக்கா, காரம் ஆகாதாம் என்றாள். அவ்வளவுதான். ஆனால் அவர் வெளியே கிளம்பினால் போதும், போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவாள். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும். கேட்டால், "ஒண்ணுமில்லக்கா." இந்த ஒண்ணுமில்லையை நான் வேலையில் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒன்றும் இல்லாதவர்கள் அதைச் சொல்வதில்லை.

உன் அம்மாவைப் பற்றித் தப்பாக நினைத்தேனா என்றால், நினைத்தேன். இன்னொருவர் யாரோ என்று நினைத்தேன். அதற்காக நான் கோபப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தப்பே செய்யட்டும், என்னிடம் சொல்லிவிட்டுச் செய்யட்டுமே என்றுதான் இருந்தது.

ரேடியோவை மாற்றச் சொன்னது நான்தான். நீ படிப்பை முடித்ததும் உன்னை அழைத்துவரக் காரிலேயே வர வேண்டும் என்று அவருக்கு ஒரு கனவு. அவ்வளவு தூரம் வலது பக்கமே திரும்பிக்கொண்டு போக முடியுமா தம்பி என்றேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் டிஜிட்டல் ரேடியோ வருகிறது, இரைச்சலே இருக்காது, கண்ணாடி மாதிரி தெளிவு, பாட்டின் பேர்கூட எழுத்தில் ஓடும், போனையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். கடைக்காரனைப் பிடித்ததும் நான்தான். அவனை எல்லாரும் ஒயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் அப்படித்தான் இருப்பான்.

ஒயர் வீட்டுக்கே வந்து வேலை செய்தான். பழைய பெட்டியை உருவியதும் அந்த இடம் பல் பிடுங்கின வாய் மாதிரி இருந்தது. பின்னாலிருந்து கலர் கலராக ஒயர்கள் தொங்கின. அதில் ஒன்று பாதி அறுந்து, ஒரே ஒரு செப்பு இழையில் ஊசலாடிக்கொண்டிருந்தது. வலது பக்கம் திரும்பும்போது மட்டும் அது போய் ஒட்டிக்கொண்டு பாடியிருக்கிறது. உன் அப்பா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இந்த ஒத்தை நூலை வச்சா இவ்வளவு நாள் ஓட்டினான்" என்று அந்தப் பெட்டியின் மேல் அவருக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

புதியதற்குக் குமிழ் கிடையாது. எல்லாம் வழுவழுப்பான கண்ணாடி, எங்கே தொட வேண்டுமோ அங்கே தொட வேண்டும். நாம் பேசுவதை வாங்கிக்கொள்ள மேலே பார்வைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் குன்றிமணி அளவில் ஒரு மைக். உன் அப்பாவின் போன் பட்டன் போன், அதற்குச் சேரவில்லை. அவர் ஒயருக்கு டீ எடுத்துவர உள்ளே போயிருந்தார். நான் உன் அம்மாவின் போனை வாங்கிவந்து, பாட்டுக் கேட்க இதைச் சேர்த்துவிடு என்று கொடுத்தேன்.

ஒயர் அதைச் சேர்த்துவிட்டுச் சொன்னான். "அவங்க வீட்டுக்குள்ள பேசிக்கிட்டிருக்கும்போது இங்க காரை ஸ்டார்ட் பண்ணா, எதிராளி குரல் இங்க வந்துடும். அவங்களுக்கு அங்க ஒண்ணும் கேக்காது. நிறைய வீட்ல இதனால சண்டை. வேணாம்னா ஆஃப் பண்ணிடவா?"

இருக்கட்டும் தம்பி என்றேன்.

எதிராளி யார் என்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதையேதான் அந்தப் பெட்டி கொடுக்கும் என்கிறான். கையை நீட்டி வேண்டாம் என்று சொல்ல நான் என்ன சாமியாரா. வந்த அழைப்பை நிறுத்த எங்கே தொட வேண்டும் என்று மட்டும் காட்டச் சொன்னேன். சிவப்பாக ஒரு சின்ன வட்டம் வரும், கீழே இடது மூலையில். அதைத் தொட்டால் போதும். இரண்டு தடவை செய்து பார்த்துக்கொண்டேன். எதற்கும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லதுதானே.

உன் அப்பாவுக்கு அந்தக் கண்ணாடி கடைசிவரை பிடிபடவில்லை. பழைய குமிழ் இருந்த இடத்தில் கை போய்த் தடவும். ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்து மடியில் உட்காரும். ஆனால் அந்தச் சத்தம் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. போர்ட்டிகோவிலேயே காரை நிறுத்தி வைத்து, கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு கேட்பார்.

அவர் கிளம்புகிற நேரம்தான் உன் அம்மா பேசுகிற நேரம். ஆனால் கார் கேட்டைத் தாண்டிவிட்டால் அவள் போன் எட்டாது. சில வாரம் ஒன்றும் விழவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் காரில் ஏறி, ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு, செருப்பு வாரை மெதுவாக மாட்டினேன். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் மாட்டிக்கொண்டே இருந்தேன்.

"அழாதேம்மா."

உன் குரல். நீ நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. உன் அப்பா முகம் எப்படி மலர்ந்தது என்று சொல்கிறேன், அதையாவது நீ வைத்துக்கொள். என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா அக்கா, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்று கிசுகிசுத்தார். நீ எப்படி அங்கே வந்தாய் என்றுகூட அவர் யோசிக்கவில்லை. உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

"அப்பா வயித்துப்புண்ணுன்னே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும். கேன்சர்னு தெரிஞ்சா அன்னைக்கே பாதி உசிர் போயிடும் அவருக்கு."

திறந்த வாய் அப்படியே இருந்தது.

உனக்கு அந்த நாள் நினைவிருக்கும். அம்மா பதிலே சொல்லாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைத்திருப்பாய். அங்கே உன் குரல் நின்றுபோனதும், சிக்னல் இல்லையென்று போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். உனக்குக் கேட்ட மூச்சு உன் அப்பாவுடையது.

அவர் கை எழுந்தது. குமிழ் இருந்த இடத்துக்குப் போய்த் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. கண்ணாடி மேலெல்லாம் விரல் அலைந்தது. "அக்கா, இதை எங்க நிறுத்தறது?" என்று சத்தமில்லாமல் உதட்டால் கேட்டார். அந்தச் சமயம் பார்த்து நீ சொன்னாய். "பக்கத்து வீட்டுப் பெரியம்மாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே. அவங்களுக்குத் தெரிஞ்சா தெருவுக்கே தெரிஞ்ச மாதிரி. அப்புறம் அப்பாவுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம்?"

சிவப்பு வட்டம் கீழே இடது மூலையில் இருந்தது. என் விரலுக்கும் அதற்கும் ஒரு சாண் இருக்கும். தானாகப் பிளக்கைப் பிடுங்குகிற கை அன்றைக்கு மடியிலேயே இருந்தது.

தெரியலையே தம்பி என்று நானும் உதட்டாலேயே சொன்னேன்.

என்னைப் பற்றி நீ இன்னும் ஏதாவது சொல்வாய் என்று நினைத்தேன். அதைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான். இத்தனை வருஷம் இந்த மடியில் தூங்கிய பெண்ணாயிற்றே, அப்படிச் சொன்னாலும் பெரியம்மா நல்லவங்கதான் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வாய் என்று. நீ சேர்க்கவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய். என்னைப் பற்றி அவ்வளவுதான்.

அந்த அடுத்த விஷயம்தான் உன் அப்பாவைக் கொண்டுபோனது. மாத்திரையை விடாமல் போட்டால் ஒரு வருஷமோ அதற்கு மேலேயோ இழுக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார் என்றாய். "நான் படிப்பை விட்டுட்டு வந்துடறேன்மா. பரீட்சையெல்லாம் எப்ப வேணா எழுதிக்கலாம். அவர் இருக்கற வரைக்கும் நான் அங்கதான்." பிறகு நீ அழுதாய். பிறகு உன் அம்மா பின்பக்கத்திலிருந்து லைனைத் துண்டித்திருக்க வேண்டும். நிலையத்தின் பேர் எழுத்தில் ஓடியது, பாட்டு வந்தது.

சாவியைத் திருப்பியிருந்தாலே எல்லாம் நின்றிருக்கும். அது அவருக்கும் தெரியும். கை அந்தப் பக்கம் போகவில்லை. ஆகவே கேட்டது நான் மட்டும் இல்லை என்று சில நாள் சொல்லிக்கொண்டேன்.

அவர் மார்க்கெட்டுக்கு வண்டியை எடுத்தார். அன்றைக்கு வலது இடது பார்க்கவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அக்கா, நான் கேட்டுட்டேன்னு அவளுக்குத் தெரிய வேணாம். பொண்ணுக்கும் தெரிய வேணாம். நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நம்ம ரெண்டு பேருக்குள்ள. அந்த வார்த்தையை அதற்கு முன்னால் யாரும் என்னிடம் சொன்னதில்லை. உன் அம்மா எவ்வளவோ சொல்லியிருக்கிறாள், ஆனால் அதைச் சொன்னதில்லை. தெருவே என்னிடம் வந்து பேசும், பேசிவிட்டு எழுந்து போகும்போது எப்படியும் பரவிவிடும் என்ற ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். அவர் அப்படிப் பார்க்கவில்லை. சரி தம்பி என்றேன். துக்கம் பிறகு வந்தது. இங்கே வந்து அரிசி களையும்போது வந்தது.

மாத்திரையை நிறுத்துவது அவர் முடிவு. அதில் எனக்குப் பங்கில்லை. "இழுத்துக்கிட்டே போனா அவ படிப்பு போயிடும் அக்கா. சட்டம் விரிசல் விட்ட மிஷினை எத்தனை நாள் மிதிக்கிறது. துணி வீணாகும்." நீ பரீட்சை எழுத வேண்டும், அதற்குள் தன் கதை முடிந்துவிட வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துக்கொண்டு வந்து காரில் துப்புவார். ஒருநாள் உன் அம்மா பார்த்துவிட்டாள். குழந்தை மாதிரி பண்றாரே அக்கா என்று வெகுநாளைக்குப் பிறகு சுவரைத் தட்டினாள்.

என்னிடம் கொடு, நான் போட வைக்கிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவரால் ஓட்ட முடியாமல் போன பிறகும் சாயங்காலம் வந்து காரில்தான் உட்காருவார். உன் அம்மா என் கையில் மாத்திரையையும் தண்ணீரையும் கொடுப்பாள். நான் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்காருவேன். ரேடியோ பாடும். அவர் தண்ணீரைக் குடிப்பார், மாத்திரை என் கைக்குள் இருக்கும். வீட்டுக்கு வந்து இந்தத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறப்பேன். இப்போது எழுந்து போய் நீ சாய்ந்து நிற்கிறாயே, அதே தொட்டிதான்.

நீங்க குடுத்தா சத்தம் போடாம சாப்பிடறார் அக்கா என்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் அந்தச் சுவர்மேலேயே சாய்ந்து, தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேன்சர் என்று சொன்னாள். உங்ககிட்ட மறைச்சது தப்புதான் என்று மன்னிப்புக் கேட்டாள். நான் எந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள இத்தனையும் செய்தேனோ, அதை அவளே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். இன்னும் கொஞ்சநாள் பொறுத்திருந்தால் தானாக வந்திருக்கும். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அவர் மாத்திரை போடவில்லை, போய்ப் பார் என்று ஒரு வரி. புதிதாகக் கேட்கிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நன்றாகத்தான் அழுதேன். அழுகை பொய் இல்லை.

இனி கடைசி விஷயம். நீ கேட்காதது.

நீ படிப்பை விடவில்லை, பரீட்சையை எழுதி முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று சம்மதித்துவிட்டாய் என்று உன் அம்மா ஒருநாள் அவரிடம் வேறு பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவருக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் நான் போனபோது காரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் கழுவியிருந்தார். ரேடியோவில் மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இன்னைக்குப் போட்டுக்கறேன். குடுங்க. அவ வர்ற வரைக்கும் தாங்கணும்."

மாத்திரை என் கைக்குள் இருந்தது. ஈரத்தில் லேசாகக் கரைய ஆரம்பித்திருந்தது.

அவர் அதைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு. நான் மறுபடி சுவருக்கு இந்தப் பக்கம். இப்படியெல்லாம் அப்போது யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். விட்ட மருந்தைத் திடீரென்று ஆரம்பித்தால் உடம்பு தாங்காது என்று எங்கேயோ படித்த ஞாபகம். அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளேன்.

தீர்ந்துபோச்சு தம்பி, நாளைக்கு வாங்கிட்டு வந்துடறேன் என்றேன்.

அவர் என் மூடிய கையைப் பார்த்தார். பிறகு ரேடியோவைப் பார்த்தார். அவர் விரல் எழுந்து அந்தக் குமிழ் இருந்த இடத்தைத் தடவிவிட்டு மடிக்குத் திரும்பியது. மறுநாளும் கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவர் போனபோது உன் கடைசிப் பரீட்சைக்கு இன்னும் கொஞ்சம் நாள் இருந்தது.

நீ வந்து இறங்கி, யார் மாத்திரை கொடுத்தது என்று கத்தியபோது உன் அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். பார்த்துவிட்டு, நான்தான் கொடுத்தேன் என்று உன்னிடம் சொன்னாள். இத்தனை பேசினாய் நீ, அவள் என் பேரை எடுக்கவில்லை. அக்காவைப் போய் எப்படிச் சந்தேகப்படுவது என்று இருந்திருப்பாள். பாவம்.

டீ ஆறிவிட்டது. வேறு போட்டுத் தரவா. வேண்டாமா.

சரி, போ. போய் உன் அம்மாவிடம் பேசு. எல்லாவற்றையும் சொல். உன் குரலைக் கேட்டுத்தான் அவருக்குத் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அது உனக்குக் கஷ்டம் என்றுதான் நான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போகும்போது தெருவிலும் நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போ, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சொல். உன் அப்பா என்னை நம்பி ஒரு ரகசியம் கொடுத்தார். அவர் உயிர் போகிறவரை நான் அதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை.